அக்காவுக்குக் காய்ச்சல் வந்த சனிக்கிழமை

என் அக்கா 2009ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் லண்டனுக்கு வந்தது ஊர் பார்க்க. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் எங்கள் சனத்தில் யாரும் ஊர் பார்க்கப் பயணம் போவதில்லை. கலியாணத்துக்குப் போவோம், பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்தியச் சடங்குக்குப் போவோம், செத்தவீட்டுக்குப் போவோம். போன இடத்தில் ஒரு மண்டபத்தையும் சொந்தக்காரர்களின் வரவேற்பறைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம். பாரிஸுக்கு ஆறு தடவை போய்வந்த என் கணவருக்கு அந்த நகரத்தில் தெரிந்தது ஒரு கலியாண மண்டபமும் அதன் கார் தரிப்பிடமும்தான். அந்தக் கார் தரிப்பிடத்தைப் பற்றி அவர் இன்றைக்கும் குறை சொல்லுவார்.

அக்கா இருப்பது ஜெர்மனியில், ரயில் நிற்பதா விடுவதா என்று யோசிக்கும் அளவுக்குச் சின்னதான ஓர் ஊரில். அங்கே ஓர் உணவகத்தின் பின்பக்கச் சமையலறையில் பத்தொன்பது வருடமாக உருளைக்கிழங்கு உரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். கையில் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம். அதை வைத்துக்கொண்டு என் கலியாணத்துக்கு வர விசா கேட்டாள். கிடைக்கவில்லை. அம்மா என்னோடு இங்கே இருந்து செத்துப்போனபோது மறுபடி கேட்டாள். பதில் வருவதற்குள் முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்துவிட்டது.

அதற்குப் பதினாலு வருடம் முந்தி, என் கலியாணத்தன்று அவள் மேளச் சத்தத்தைத் தொலைபேசியில்தான் கேட்டாள். தாலி ஏறிய கையோடு, கூறைச்சேலையோடு போய் ரிசீவரைக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் அழுகை மட்டும் வந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில் ஒரு வாக்குக் கொடுத்தேன். நீ எந்த வருடம் வந்தாலும் உனக்கு ஒரு முழு நாள் லண்டனைச் சுற்றிக் காட்டுவேன், அந்த நாளில் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் படியும் ஏறமாட்டோம் என்றேன். பிறகு லண்டன் படங்கள் போட்ட கலண்டர் ஒன்றை வாங்கி அனுப்பினேன். அந்த வருடம் முடிந்தும் அவள் அதைக் கழற்றவில்லை. சமையலறையில் கிழங்குக் கூடைக்கு மேலே பல வருடம் தொங்கி, நீராவியில் ஊதிப்போய்க் கிடந்ததாம்.

2009 வசந்தத்தில்தான் அவளுக்கு ஜெர்மன் கடவுச்சீட்டு கிடைத்தது. புருஷனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனியாக, ஒரு புதன்கிழமை பின்னேரம் வந்திறங்கினாள். திங்கட்கிழமை காலை திரும்ப வேண்டும். கைப்பையில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். உணவகத்தில் ஓடர் எழுதும் துண்டுத்தாளில் எழுதியது. திறக்கிற பாலம், தலை வெட்டின கோட்டை, பெரிய மணிக்கூடு, ஆற்றில் வள்ளம். கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். மேசைவிரிப்புப் போட்ட மேசையில் இருந்து மீனும் கிழங்கும் சாப்பிட வேண்டும்.

மேசைவிரிப்பு எதற்கு என்று கேட்டேன். பத்தொன்பது வருடத்தில் தான் வேலை செய்யும் உணவகத்தின் முன்பக்கத்தில் ஒரு தடவைகூட இருந்து சாப்பிட்டதில்லை என்றாள். வேறு உணவகத்துக்குப் போயிருக்கலாமே என்றேன். போனால் கண் சமையலறைக் கதவிலேயே நிற்கிறது, உள்ளே யார் என்ன வெட்டுகிறார்கள் என்று யோசித்தே சாப்பாடு இறங்குவதில்லை என்றாள். ஊர் விட்டு ஊர் வந்தால் அந்தப் பழக்கம் விடும் என்று நினைத்தாளாம்.

கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் என் வீட்டு வாசலில் அவள் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிட்டது. வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு நேரச் சாப்பாட்டைப் பதிவு செய்துவிடுவார்கள். ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டுக்குப் போகாவிட்டால் அந்தக் கதை பத்து வருடம் ஓடும். போய்ச் சாப்பிடாமல் வந்தால் இருபது வருடம். வியாழக்கிழமை இரண்டு வீடு, இரண்டிலும் ஆட்டிறைச்சி. வெள்ளிக்கிழமை இரண்டு வீடு, இரண்டிலும் வடை பாயசத்தோடு மரக்கறி. மூன்று நாள் லண்டனில் இருந்து அக்கா பார்த்தது நாலு சோபா செட்டும் நாலு பெரிய டிவியும். எந்த வீட்டு யன்னலிலிருந்து பார்த்தாலும் தெரிந்தது அடுத்த வீட்டுக் குப்பைத்தொட்டி.

சனிக்கிழமையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அன்றைக்கு வேறு வீட்டில் சாப்பாடு என்று சொல்லி வைத்தேன். எந்த வீடு என்று யாரும் குடைந்து கேட்கவில்லை.

தெற்கு லண்டன் சட்டனில் இருக்கும் சின்னம்மா வீட்டை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டிருந்தேன். சின்னம்மா எங்கள் அம்மாவின் தங்கை. அவர்களுக்கு ஒரே தம்பி, எங்கள் மாமா. அந்த வருட ஏப்ரலில் வன்னிப் போரில் செல் குண்டு விழுந்து மாமா செத்துப்போனார். எரிக்க உடம்புகூடக் கிடைக்கவில்லை. முறை என்று பார்த்தால் அக்கா வந்திறங்கிய அன்றே முதலில் போயிருக்க வேண்டிய வீடு அதுதான். துக்கம் கேட்காமல் வேறு எந்த வீட்டிலும் கை நனைக்கக்கூடாது.

நான் வேண்டுமென்றுதான் பின்னால் தள்ளினேன். எனக்கு என் அக்காவைத் தெரியும். சின்னம்மாவோடு கட்டிப்பிடித்து அழுதாளென்றால் பிறகு ஊர் பார்க்க அவளுக்கு மனம் வராது. துண்டுத்தாளை மடித்து வைத்துவிட்டு மிச்ச நாளும் என் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்பாள். முதலில் பாலம், பிறகு அழுகை என்று நான் தீர்மானித்தேன். கல்நெஞ்சுக்காரி என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சின்னம்மா தொலைபேசி எடுத்தார். ஞாயிறு அவருடைய மகனுக்கு ஷிப்ட் வந்துவிட்டதாம், கூட்டிவர ஆளில்லையாம், நாளைக்கே வாருங்கள் என்றார். ரயிலில் நாங்களே ஞாயிறு வருகிறோம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாளைக்கு என்ன வேலை என்று அடுத்த கேள்வி வரும். தம்பியைப் பறிகொடுத்து நாலு மாதம் ஆன மனுசியிடம், நாளைக்கு நாங்கள் பாலம் பார்க்கப் போகிறோம் என்று எந்த வாயால் சொல்வது. வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். அக்காவுக்குக் காய்ச்சல், எழும்பவே முடியாமல் படுத்திருக்கிறாள் என்றேன்.

அந்தப் பொய்யைப் பற்றி அந்த நிமிடத்தில் எனக்குப் பெருமையாகவே இருந்தது. அது பன்றிக்காய்ச்சல் பரவிய கோடை. நான் வேலை செய்த மருந்துக்கடையில் காய்ச்சல்காரர் வாசலுக்கே வரக்கூடாது, மாத்திரை வாங்க வேறு ஆளை அனுப்ப வேண்டும். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மனுசி, அவருடைய சொந்த மகனுக்குக் காய்ச்சல் என்றபோது சூப் கிண்ணத்தை அவன் வாசற்படியில் வைத்துவிட்டு ஓடி வந்தார். காய்ச்சல் என்ற ஒரு சொல் போதும், லண்டனில் ஒரு குருவியும் கிட்ட வராது. சின்னம்மா எத்தனை டிகிரி என்று கேட்டார். நூற்றிரண்டு என்றேன். சரி, அவ படுக்கட்டும் என்று வைத்துவிட்டார். அத்தனை சுலபமாக விட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அக்கா என்னை முறைத்தாள். ஞாயிறு கட்டாயம் போவோம்தானே என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு போய்த் தன் புதுச் சப்பாத்துக்கு லேஸ் கட்டிப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் ஒரே ரயிலில் கோட்டைக்குப் போய் இறங்கினோம். பதினாறு வருடம் அந்தக் கோட்டைக்குக் கீழால் நிலக்கீழ் ரயிலில் வேலைக்குப் போய்வந்தவள் நான். படியேறி மேலே வந்து பார்த்தது அன்றைக்குத்தான். அதை அக்காவிடம் சொல்லவில்லை. வழிகாட்டி மாதிரி முன்னால் நடந்து, அங்கே நட்டிருந்த பலகையைக் கடைக்கண்ணால் வாசித்து வாசித்து விளக்கம் சொன்னேன். அகழியில் இப்போது தண்ணீர் இல்லை, புல்தான் என்றேன். அது எனக்குத் தெரியும், கலண்டரில் ஏப்ரல் மாதம் என்றாள் அக்கா.

உள்ளே போக வரிசை வளைந்து வளைந்து நின்றது. அதில் நின்றால் பாதி நாள் போய்விடும். அக்கா மதிலைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள், கோட்டையில் வளர்க்கிற காகங்கள் எங்கே என்று எட்டிப் பார்த்தாள், துண்டுத்தாளில் கோட்டைக்கு அரைவாசிக் கோடு மட்டும் போட்டாள். வேலையில் பாதி உரித்த கிழங்கை அப்படித்தான் குறித்து வைப்பாளாம்.

பாலம் திறப்பதற்கு நேரம் காலம் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. நாங்கள் போய் நின்று கால்மணி நேரத்தில் மணி அடித்தது, இரண்டு பக்கமும் கார்களை மறித்தார்கள், தெரு நடுவில் பிளந்து இரண்டு பாதியும் வானத்தைப் பார்த்து எழும்பின. இவ்வளவு ஆரவாரமும் யாருக்கு என்று பார்த்தால், ஒரு சின்னப் பாய்க்கப்பல் ஆடி அசைந்து வந்தது. அதில் நாலே நாலு பேர். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாலு பேருக்காகவா இவ்வளவு சனத்தையும் மறிக்கினம் என்று கேட்டாள். அந்தக் குரலில் பொறாமை இருந்தது. அவளை மறித்தவர்கள்தான் உண்டு, அவள் போவதற்காக யாரும் எதையும் மறித்ததில்லை. கப்பல் கடந்து, தெரு பழையபடி படுக்கும்வரை அவள் அசையவில்லை.

அங்கிருந்து மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு வள்ளத்தில் போனோம். மேல்தட்டில் இடம் பிடித்தோம். வெயில் நல்ல வெயில். அக்கா முகத்துக்குத் துணி பிடிக்கவில்லை, தொப்பி போடவில்லை, இரண்டு கரையையும் தலை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒலிபெருக்கியில் ஒருவன் இடப்பக்கம் இது, வலப்பக்கம் அது என்று சொல்லிக்கொண்டு வந்தான். அப்போது என் கைத்தொலைபேசி அடித்தது.

“பிள்ளை, நான் உன்ர வீட்டு வாசலில நிக்கிறன். பெல்லை அடிச்சு அடிச்சுக் கை நோகுது. ரெண்டு பேரும் நித்திரையோ?”

சின்னம்மா. காய்ச்சல் என்றால் லண்டனில் ஒருவரும் கிட்ட வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டவள், எங்கள் சனத்தை அந்தக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன். எங்கள் ஆட்களிடம் கலியாணம் என்று சொன்னால்கூட வராமல் இருந்துவிடலாம், காய்ச்சல் என்று சொன்னால் கட்டாயம் வருவார்கள். முழங்கால் நோவோடு, ஒரு கையில் பை, மறுகையில் கொத்தமல்லித் தண்ணிப் போத்தலோடு, சட்டனிலிருந்து ஒரு ரயில் பிடித்து, பிறகு நிலக்கீழ் ரயிலுக்கு மாறி, நகரத்தின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு வந்து நின்றார் மனுசி. வீட்டில் ஒருவரும் இல்லை. கணவர் ஷிப்டுக்குப் போயிருந்தார்.

ஒரு பொய்யோடு நின்றிருக்கலாம். நான் அடுத்ததையும் சொன்னேன், டொக்டரிடம் வந்திருக்கிறோம் என்று. அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கிக்காரன் ஏதோ பகிடி விட்டான், வள்ளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். டொக்டர் மைக்கிலயோ கதைக்கிறார் என்று சின்னம்மா கேட்டார். அக்கா கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினாள்.

“சின்னம்மா, எனக்குக் காய்ச்சல் இல்லை. நான் ஆத்தில வள்ளத்தில இருக்கிறன். லண்டன் பாக்க வந்தனான், எனக்கு இருக்கிறது இந்த ஒரு நாள்தான். நீங்கள் என்னை எப்பிடியும் பேசுங்கோ. திரும்பி வா எண்டு மட்டும் சொல்லாதேங்கோ.”

அவள் ஒரு சொல்லும் குறைக்கவில்லை. பிறகு அவள் ஓம், ஓம் என்று இரண்டு தரம் சொன்னாள், எங்கே இறங்குகிறோம் என்று சொன்னாள், தொலைபேசியை என்னிடம் தந்தாள். என்ன சொன்னார் என்று கேட்டேன். வாறாவாம் என்றாள். வழி தெரியுமோ என்று கேட்டதற்கு, அந்த இடத்துக்கு எனக்கு நல்லாய் வழி தெரியும் என்றாராம்.

தெரியாமல் என்ன. அந்த ஏப்ரலிலிருந்து வாரக்கணக்காக எங்கள் சனம், அந்த மணிக்கூடு நிற்கும் நாடாளுமன்றத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் இரவு பகலாக நின்றது. ஊரில் நடப்பதை நிறுத்தச் சொல்லுங்கள் என்று கேட்டு நின்றது. வேலை முடிந்த நாட்களில் நானும் போய் நின்றேன். சின்னம்மா ஒரு நாளும் தவறவில்லை. தம்பி உயிரோடு இருக்கும்போதும் நின்றார், தம்பி போய்விட்டான் என்று தெரிந்த பிறகும் போய் நின்றார். எந்த பஸ் எங்கே நிற்கும், எந்தக் கடைக்காரன் கழிவறைக்கு விடுவான், எந்த மூலையில் காற்று குறைவு என்று அவருக்கு அத்துப்படி. அந்த இடத்துக்குத்தான் நாங்கள் துண்டுத்தாளோடு ஊர் பார்க்க வந்திருந்தோம்.

வள்ளத்தால் இறங்கி, மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு பாலத்தடியில் காத்து நின்றோம். எனக்குத் திட்டு வாங்கும் பயம். அக்காவுக்கு அந்தப் பயமே இல்லை என்று சொல்லமாட்டேன், கை விரல்களைப் பிசைந்துகொண்டே நின்றாள். ஆனாலும் மணிக்கூடு பன்னிரண்டரைக்கு அடிப்பதைத் தலை நிமிர்த்திக் கேட்டாள், அதற்கு முழுக்கோடு போட்டாள். திரும்பிப் போய்விடுவோமா, இன்னொரு தரம் வந்து பார்ப்போம் என்று நான்தான் கோழையாய்ச் சொன்னேன். இன்னொரு தரம் என்று சொல்லிச் சொல்லித்தான் பதினாலு வருடம் போனது என்றாள். பார்த்துவிட்டுத்தான் போவேன், பேச்சு வாங்கிவிட்டும் பார்ப்பேன் என்றாள்.

ஒரு மணி போல சின்னம்மா வந்தார். பருத்திச் சேலை, அதற்கு மேல் கம்பளிச் சட்டை, காலில் மகனின் பழைய ஸ்போர்ட்ஸ் சப்பாத்து. பையை என்னிடம் நீட்டினார். நேரே அக்காவிடம் போய், புறங்கையை அவள் நெற்றியில் வைத்தார், பிறகு கழுத்தில் வைத்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் தொட்டுப் பார்க்காமல் எப்படி.

“காய்ச்சல் இல்லை,” என்றார்.

அக்கா உடைந்துபோனாள். சின்னம்மாவின் தோளில் விழுந்து மாமா, மாமா என்று அழுதாள். சின்னம்மாவும் அழுதார். சட்டன் வீட்டு வரவேற்பறையில் அழ வேண்டிய அழுகையைப் பாலத்தடியில் நின்று அழுதார்கள். படம் எடுக்க வந்த சனம் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. சீன நாட்டுப் பெண் ஒருத்தி கைக்குட்டைத் தாள் பக்கற் ஒன்றை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். நான் பையையும் போத்தலையும் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் கண் நிறைந்தது, ஆனால் உள்ளே ஒரு மூலையில் என் அற்பப் புத்தி சொன்னது, முடிந்தது, அக்காவின் நாள் இத்தோடு சரி.

அழுது முடிந்ததும் அக்கா மூக்கைத் துடைத்தாள்.

“சின்னம்மா, நான் இவ்வளவு காலமும் அழுறதுக்குத்தான் விசா கேட்டனான். அதையும் தரேல்ல. மாமாவுக்காக நாளைக்கும் அழுவன், வாழ்நாள் முழுக்க அழுவன். இண்டைக்கு இந்தப் பாலத்துக்கு அங்கால போய்ச் சாப்பிடப் போறன். நீங்களும் வாங்கோ.”

சின்னம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். காலமை சாப்பிட்டனியளோ என்று கேட்டார், இல்லை என்றதும் நடவுங்கோ என்றார்.

பாலத்தைக் கடந்து அக்கரையில் ஆற்றைப் பார்த்த உணவகம் ஒன்றைக் கண்டுபிடித்தோம். முதல் இரண்டு கடைகளை மேசைவிரிப்பு இல்லை என்று அக்கா நிராகரித்தாள். மூன்றாவதில் வெள்ளை விரிப்பு, துணியால் செய்த கை துடைக்கும் சதுரம், கண்ணாடிக் குவளை எல்லாம் இருந்தன. சமையலறைக் கதவுக்கு முதுகு காட்டும் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தேன். சின்னம்மா மாமாவுக்காக வருடம் முடியும்வரை மீன், இறைச்சி என்று மச்சம் தொடாமல் இருந்தார். அவருக்குக் கிழங்கும் பட்டாணி மசியலும் சொன்னோம். எங்களுக்கு மீனும் கிழங்கும்.

மீன் தட்டின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு வந்தது. மேல்மாவு பொன்னிறமாய்ப் பொரிந்து, கத்தி பட்டதும் நொறுங்கியது. உள்ளே சதை வெள்ளை வெளேரென்று ஆவி பறந்தது. எனக்கு அது உப்புப் புளி காணாத சாப்பாடு, வினாகிரியை ஊற்றிச் சமாளித்தேன். அக்கா அவசரப்படவில்லை. முதலில் ஒரு கிழங்குத் துண்டை முள்ளுக்கரண்டியில் குத்தித் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இது கையால் வெட்டினது, மெசினில் இல்லை என்றாள். இரண்டு தரம் பொரித்திருக்கிறார்கள், கெட்டிக்காரர் என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். நாற்பத்தைந்து வயதுக்காரி ஒருத்தி கிழங்கை அப்படி ரசித்துச் சாப்பிட்டதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சின்னம்மாவுக்குத் தன் போத்தல் நினைவு வந்துவிட்டது. காய்ச்சல் இல்லாவிட்டால் என்ன, கொண்டு வந்ததைக் கொட்ட ஏலாது என்றார். பரிமாறுகிறவன் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் மேசைக்குக் கீழே வைத்து மூடியில் ஊற்றினார். அக்கா குனிந்து, கோயிலில் தீர்த்தம் வாங்குவது போல் வாங்கிக் குடித்தாள். எனக்கும் ஒரு மூடி கிடைத்தது. இஞ்சி கூட.

பிறகுதான் சின்னம்மா நிமிர்ந்து ஆற்றின் அக்கரையைப் பார்த்தார். நாடாளுமன்றத்தின் பின்பக்கம் தண்ணீர் ஓரம் முழுக்க நீண்டு கிடந்தது. வெயில் பட்டுத் தேன் நிறத்தில் இருந்தது. அவர் கரண்டியை வைத்துவிட்டார்.

“முன்பக்கத்தில எத்தினை யன்னல் எண்டு எண்ணி வைச்சிருக்கிறன்,” என்றார். “ஒண்டும் திறக்கேல்ல. இதுக்கு இப்பிடி ஒரு வடிவான பக்கம் இருக்கெண்டு ஒருத்தரும் சொல்லேல்ல.”

அவர் நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கரண்டியை எடுத்து மிச்சக் கிழங்கைச் சாப்பிட்டார். கடைசியில் அப்பிள் போட்ட இனிப்பு ஒன்று, மஞ்சள் பாலாடைக் குழம்பு ஊற்றிச் சுடச்சுட வந்தது. மூன்று கரண்டி வைத்து ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டோம். அதில் பெரிய பங்கு சின்னம்மாவுக்குத்தான் போனது.

முடிந்ததும் அக்கா கை தன்பாட்டில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கத் தொடங்கியது. கத்தி முள்ளுகளைச் சேர்த்தாள், மேசையில் சிந்தியதைக் கையால் கூட்டினாள். சின்னம்மா அவள் கையைப் பிடித்து மேசையில் அமத்தினார்.

“சும்மா இரு பிள்ளை. இண்டைக்கு அவை எடுப்பினம்.”

அக்கா கையை அந்தக் கைக்குக் கீழேயே வைத்திருந்தாள். பரிமாறுகிறவன் வந்து தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போகும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

பின்னேரம் சின்னம்மாவை விக்டோரியாவில் சட்டன் ரயிலில் ஏற்றிவிட்டோம். பொய்யைப் பற்றி அவர் ஒரு சொல் பேசவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மறந்தேன் என்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் லண்டன் முழுக்கத் தெரிந்துவிடும், துக்கம் கேட்காமல் ஊர் சுற்றின சகோதரிகள் என்று எங்களுக்குப் பெயர் வைத்துவிடுவார்கள். எனக்குப் பரவாயில்லை, நான் ஏற்கனவே வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள். அக்கா பதினாலு வருடம் கழித்து வந்தவள், அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு விமானம் ஏறக்கூடாது.

ஞாயிறு காலை ஏழரைக்கு முதல் அழைப்பு. வியாழக்கிழமை சாப்பிட்ட வீடு. திட்டுக்குத் தயாராய் எடுத்தேன். அக்காவுக்குக் காய்ச்சல் எப்படி, இப்போதுதான் கேள்விப்பட்டோம், நேற்று முழுக்கச் சின்னம்மா பக்கத்திலேயே இருந்து பார்த்தாராமே என்றார்கள். அடுத்தது வெள்ளிக்கிழமை வீடு. அதே கேள்வி. மூன்றாவது அழைப்பில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. சின்னம்மா எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் காய்ச்சலை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போது எல்லோரும் பார்க்க வருகிறார்கள்.

பத்து மணிக்கு அக்காவைக் கட்டிலில் படுக்க வைத்து, ஓகஸ்ட் வெயிலில் குளிர்காலப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். பதினொன்றுக்குச் சனம் வரத் தொடங்கியது. தோடம்பழம், குளுக்கோஸ் பக்கற், இளநீர் டின், மூன்று வீட்டு இரசம். பன்றிக்காய்ச்சலுக்குப் பயந்த இரண்டு பேர் மூக்கில் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி நின்றார்கள், ஆனால் வராமல் விடவில்லை. வள்ளத்தில் வெயில் குடித்து அக்காவின் முகம் நன்றாய்க் கறுத்திருந்தது. பார்த்தியளே, ஒரு நாள் காய்ச்சலில் முகம் என்ன மாதிரிக் கறுத்துப்போச்சு என்று ஒரு மாமி இரக்கப்பட்டார். அக்கா சிரிப்பை அடக்கப் போர்வையைக் கடித்தாள். அவளுக்கு வியர்த்துக் கொட்டியதைப் பார்த்து, காய்ச்சல் விடுகிற வியர்வை என்று இன்னொருவர் விளக்கம் சொன்னார்.

மத்தியானம் சின்னம்மா வந்தார். மறுபடியும் இரண்டு ரயில், அதே சப்பாத்து, அதே போத்தல். எல்லோரும் வழிவிட்டார்கள். கட்டில் ஓரத்தில் இருந்து, புறங்கையை அக்காவின் நெற்றியில் வைத்தார், பிறகு கழுத்தில் வைத்தார்.

நேற்று நெருப்பாய்க் கொதித்தது, இன்றைக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். சனம் பெருமூச்சு விட்டது. சிலர் தேத்தண்ணி குடிக்கக் கீழே இறங்கினார்கள். நான் போத்தல் மூடியைத் திறந்துகொண்டு பக்கத்தில் நின்றேன். சின்னம்மா போர்வையைச் சரி செய்கிற சாட்டில் அக்காவின் காதுக்குக் குனிந்தார்.

“வாற வருசமும் வா, பிள்ளை. அந்தக் கோட்டையை நான் இன்னும் பாக்கேல்ல.”